கூடை இல்லாத வாக்குமூலம்

2004, சூன் 17. காலை மணி 10.20.

முத்திரை குத்தித் திருப்பித் தரப்பட்ட பச்சைத் தாளைத் தாலுக்கா அலுவலகப் படிக்கட்டில் நின்று படித்துக்கொண்டிருந்த சுப்புலட்சுமி, இரண்டாம் பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டாள். மீண்டும் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"நாங்கள் தராசு, பலகை ஆகியவற்றுடன் இவ்விடத்தை விட்டு மனமுவந்து வெளியேறுவோம்."

படிக்கட்டின் கீழே பெண்கள் நாற்பத்தொரு பேர் நின்றிருந்தார்கள். கோவளத்திலிருந்தும் கானத்தூரிலிருந்தும் விடியுமுன் மீன் கொண்டுவந்து, தாம்பரம் ரயில் நிலையத்தை அடுத்த கிணற்றுச் சந்தில் கால் நூற்றாண்டாக விற்பவர்கள் அவர்கள். சந்தைக் காலி செய்யச் சொல்லிப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் மனுப் போட்டிருந்தது. அதற்குப் பதிலாக இவர்கள் கொடுத்த வாக்குமூலம்தான் இது. போகமாட்டோம் என்று சொல்ல வந்தவர்கள், போகிறோம் என்று எழுதிய தாளில் தங்கள் கைரேகையைத் தாங்களே பதித்துவிட்டிருந்தார்கள்.

"இன்னாது, மனமுவந்தா?" என்றாள் அஞ்சம்மாள். கூட்டத்தில் மூத்தவள், குரலிலும் மூத்தவள். "எவ மனசு உவந்துச்சு? அந்த டைப் அடிக்கிற பொண்ணு மனசா?"

சத்தம் கேட்டு வெளியே வந்த தாலுக்கா அதிகாரி கையை விரித்தார். "ரேகை உங்களுடையது. தாளும் நீங்கள் கொடுத்தது. பிழை நேர்ந்தது என்றால் யாரால் நேர்ந்தது என்று மூன்று மணி விசாரணைக்குள் நிரூபியுங்கள். இல்லையென்றால் தாளில் இருப்பதுதான் உங்கள் சொல்."

மணி 10.55.

தகராறு என்று தகவல் வந்து, சண்முகம் சாலையில் உதவி ஆய்வாளர் புஷ்பலதா ஜீப்பை விட்டு இறங்கியபோது, வாக்குமூலம் தட்டச்சான பரணியின் டி.டி.பி. கடையில் விசாரணை தொடங்கித் தீர்ப்பும் வழங்கப்பட்டிருந்தது. மாடியில், கணினி முன்னால், தட்டச்சு செய்யும் ஜெயசீலி இடக்கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். எதிரே அஞ்சம்மாள், ஓங்கிய கை இன்னும் இறங்காமல்.

"கையை இறக்கு," என்றார் புஷ்பலதா.

"இவ எங்க வவுத்துல அடிச்சா, நான் கன்னத்துல அடிச்சேன். எது பெருசு, நீயே சொல்லுமே!"

"எவள் அடித்தாள் என்று தெரிந்த பிறகு சொல்கிறேன். கீழே போ."

புஷ்பலதா காவல்துறைக்கு வருமுன் ஆறாண்டுகள் தட்டச்சுக் கூடத்தில் கழித்தவர். எழுத்தறியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் என்னென்ன நடக்கும் என்பதை அவர் அங்கே கண்டிருந்தார். வீட்டில் திருட வருகிறவன் பூட்டை உடைக்க வேண்டும், சுவரேற வேண்டும், நாய் குரைக்கும். தாளில் திருடுகிறவனுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. இழந்தவளே கைரேகை வைத்து அவனை வழியனுப்பி வைப்பாள். அந்தத் திருட்டின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு சீருடையைவிடப் பழையது.

கேள்விகள் தொடங்கின.

"நேற்று எப்போது அடித்து முடித்தாய்?"

"ஆறரைக்கு மேடம். வெள்ளைத் தாள்ல புரூஃப் எடுத்து சுப்புலட்சுமி அக்கா கையில கொடுத்தேன்."

"அறையில் யார் யார்?"

"அக்கா, நான், பாலகுரு சார். சார்தான் கையால எழுதிக் கொண்டாந்தவர்."

"நீ அறையை விட்டுப் போனாயா?"

"பச்சைத் தாள் வாங்கக் கீழ போனேன். பரணி அண்ணன் பீரோவுல பூட்டி வச்சிருப்பார். அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்."

"அவர்கள் எப்போது போனார்கள்?"

"ஆறே முக்காலுக்கு."

"பிறகு?"

"ஏழு மணிக்கு பேஜை மாத்துனேன். வெள்ளைத் தாள்னா ஏ-ஃபோர். மனு கொடுக்குற பச்சைத் தாள் அதைவிட நீளம். இடது பக்கம் கோப்புல கட்டுறதுக்கு நிறைய மார்ஜின் விடணும். அதை வச்சதும் வரியெல்லாம் குறுகி வேற மாதிரி மடங்கிடும். அப்ப ஒரு பேஜாரு வேற. மார்ஜின் அளவை நம்பர் கட்டையில அடிச்சா, நம்பர் விழாம கர்சர் ஓடுது. பார்த்தா நம்லாக் லைட் அணைஞ்சு கிடக்கு. கீழ பார்த்துக் கத்துனேன்: 'அண்ணே, என் கீபோர்டைத் தொட்டீங்களா'ன்னு."

"மாற்றிய பின் படித்துப் பார்த்தாயா?"

ஜெயசீலி தலை குனிந்தாள். "இல்ல மேடம். அக்காதான் படிச்சுட்டாங்களே. காலையில எட்டரைக்கு பிரிண்ட் மட்டும் போட்டேன்."

"அதற்கு முன் காலையில் யாராவது இந்தக் கணினியில் உட்கார்ந்தார்களா?"

அவள் தயங்கினாள். "எட்டேகாலுக்கு ஸ்ரீநிவாசன் சார் வந்தார். அந்த மனு போட்ட சங்கத்தோட செக்ரட்டரி. பிளாப்பியில அவங்க லெட்டர் இருந்துச்சு, பார்க்கணும்னார். நான் தாள் வெட்டிக்கிட்டிருந்தேன். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தார்."

கீழே நகல் எந்திரத்தின் அருகே நின்ற கடைக்காரர் பரணியைத் தனியே அழைத்தார் புஷ்பலதா.

"நேற்று மாலை ஜெயசீலி உங்களைக் கூப்பிட்டாளா?"

"கூப்ட்டாளா? தெருவே திரும்பிப் பார்த்துச்சு. ஏழு மணி இருக்கும். கீபோர்டைத் தொட்டீங்களான்னு சண்டை. நான் மாடிக்கே போகலைம்மா, மூட்டுவலி."

"அவளை நம்புகிறீர்களா?"

"மூணு வருஷமா நம்பினேன். இன்னிக்கு நாப்பது பேர் கடைக்கு முன்னால மண்ணை வாரித் தூத்துறாங்க. இனிமே இவ இங்க வேலை பார்த்தா என் கடை நடக்குமா? நீங்களே சொல்லுங்க."

படிக்கட்டின் மேலே நின்று ஜெயசீலி இதைக் கேட்டாள். புஷ்பலதாவும் அவள் கேட்டதைப் பார்த்தார். மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு குடும்பங்களின் சோறு போகும். அதற்கு முன்பே நாற்பத்து மூன்றாவது குடும்பத்தின் சோறு போய்க்கொண்டிருந்தது.

மணி 11.40.

ஸ்ரீநிவாசன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. மடிப்புக் கலையாத முகம்.

"மேடம், ஐ ஹேவ் நத்திங் டு டூ வித் திஸ். என் லெட்டரைப் பார்த்தேன், எழுந்தேன். அவங்க ஃபைல் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"அவர்கள் போனால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?"

"நிச்சயமா. ஒளிக்கவே மாட்டேன். அந்த நாத்தத்தைத் தாண்டித்தான் தினம் டிரெயின் பிடிக்கிறேன். சந்து காலியானா ஸ்கூட்டர் ஸ்டாண்டு வரும். பப்ளிக்குக்கு யூஸ்ஃபுல். குத்தகைக்கு இப்பவே ஆட்கள் மனுப் போட்டாச்சு."

"நாத்தமா?" கீழேயிருந்து அஞ்சம்மாளின் குரல் ஏறி வந்தது. "ஞாயித்துக்கெழம ஆனா வஞ்சிரம் கீதான்னு பொண்டாட்டிய அனுப்பிகினு கீறியே, அப்ப மணக்குதா?"

அப்போதுதான் பாலகுரு படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பை. பதினெட்டாண்டுகள் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். இப்போது சந்துப் பெண்களின் ஆலோசகர். கூலி வாங்காமல் மனு எழுதுகிறவர் என்று ஊரெல்லாம் பெயர். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"உதவி ஆய்வாளரம்மா, நேரத்தை வீணாக்காதீர்கள்." பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நேற்று மாலை எடுத்த புரூஃப். சுப்புலட்சுமியின் கையெழுத்தும் மணியும் இருக்கின்றன. இதில் எல்லாம் சரியாக இருக்கிறது. காலையில் தவறாக இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தவர் யார்? எதிரி. உட்கார விட்டவள் யார்? இந்தப் பெண். இதற்குமேல் துப்பு எதற்கு?"

"யூ ஆர் அக்யூசிங் மீ?" என்று எழுந்தார் ஸ்ரீநிவாசன்.

"உட்காருங்கள்," என்றார் புஷ்பலதா. இருவருக்கும் சேர்த்துச் சொன்னதாக அது இருந்தது.

அடிக்கோல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். வெள்ளைத் தாளை இடப்புறமும் பச்சைத் தாளை வலப்புறமும் வைத்து, முதல் சொல்லிலிருந்து ஒப்பிடத் தொடங்கினார். மூன்று பக்கம், முப்பது நிமிடம். சுப்புலட்சுமி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மின்விசிறி சுழன்றது. ஸ்ரீநிவாசன் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேறுபாடு ஒன்றே ஒன்று. மற்றபடி ஒரு சொல் மாறவில்லை. ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி மாறவில்லை.

வெள்ளைத் தாளில் இருந்து பச்சைத் தாளில் இல்லாத பகுதி இதுதான்:

மாற்று இடம் ஒதுக்கி, கூரையும் குடிநீரும் அமைத்துத் தந்த பின்னரே எங்கள் கூடை,

"நிபந்தனையை உருவிட்டாங்க," என்றாள் சுப்புலட்சுமி பல்லைக் கடித்து. "கூடையையும் சேர்த்து உருவிட்டாங்க. மீன்காரி தராசையும் பலகையையும் எடுத்துக்கிட்டு கூடையை விட்டுட்டுப் போவாளா மேடம்? அதைக் கண்டதும்தான் நான் மறுபடி படிச்சேன்."

புஷ்பலதா அடிக்கோலை அந்தப் பகுதியின்கீழ் வைத்தார். வெள்ளைத் தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அது நீண்டு படுத்திருந்தது. பிறகு ஜெயசீலியிடம், "விடுபட்டதைக் கணினியில், பச்சைத் தாள் அமைப்பில், அதன் இடத்தில் சேர்த்துக் காட்டு," என்றார். சேர்த்தாள். திரையில் அது ஒரு வரியின் பாதியில் தொடங்கி, அடுத்த வரியின் பாதியில் முடிந்தது.

புஷ்பலதா திரையையும் வெள்ளைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுப்புலட்சுமியிடம் திரும்பினார்.

"நேற்று ஜெயசீலி கீழே போன ஐந்து நிமிடம், நீ எங்கே இருந்தாய்?"

"சன்னலோரம் நின்னு புரூஃப் படிச்சுக்கிட்டிருந்தேன். வெளிச்சம் அங்கதான்."

"பாலகுரு?"

"நாற்காலியில உட்கார்ந்திருந்தார். ஒரு காற்புள்ளி தப்பா இருக்கு, திருத்திடறேன்னார்."

"ஆமாம், திருத்தினேன்," என்றார் பாலகுரு, சற்றும் தயங்காமல். "அதில் ஒளிவுமறைவு என்ன? கணினி எனக்குப் புதிதல்ல. மவுஸ் என்ற ஒன்று வருமுன்பே கணினியில் அமர்ந்தவன் நான். இன்றுவரை அந்த எலியைத் தொட்டதில்லை."

"நல்லது. கீழே இருப்பவர்களையும் மேலே வரச் சொல்லுங்கள்."

மணி 12.50.

அறை கொள்ளாமல் படிக்கட்டுவரை பெண்கள் நின்றார்கள். ஜெயசீலி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பரணி வாசலில். ஸ்ரீநிவாசன் மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். அஞ்சம்மாள் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாலகுரு, உட்காருங்கள். நேற்று திருத்திய காற்புள்ளியை இன்று எனக்காக இன்னொரு முறை திருத்துங்கள். முதலில் அந்த வரியின் கடைசிக்குப் போய்க் காட்டுங்கள்."

"இதென்ன சிறுபிள்ளை விளையாட்டு?"

"விளையாட்டென்றால் பயம் எதற்கு?"

அவர் உட்கார்ந்தார். வலக்கை விசைப்பலகையின் வலக்கோடிக்குப் போனது, எண் கட்டைகள் இருக்கும் பக்கம். நடுவிரல் மேல்மூலையில் ஒரு கட்டையைத் தட்டியது. கட்டைவிரல் இறங்கி 1 என்ற கட்டையைத் தட்டியது. கர்சர் வரியின் கடைசிக்கு ஓடியது.

"கையை எடுக்காதீர்கள்," என்றார் புஷ்பலதா. "எல்லோரும் விசைப்பலகையைப் பாருங்கள். நம்லாக் எனும் அந்தச் சின்னப் பச்சை விளக்கு இவர் உட்காருமுன் எரிந்தது. இப்போது?"

அணைந்திருந்தது.

"நேற்று ஏழு மணிக்கு இந்தப் பெண் இதே விளக்கு அணைந்து கிடந்ததற்காகத் தெருவே கேட்கச் சண்டை போட்டாள். பரணி கேட்டிருக்கிறார். எண் கட்டையில் நாளெல்லாம் எண் அடிக்கிறவளுக்கு அது எப்போதும் எரிய வேண்டும். அதை அணைக்கிறவர் யார்? எண் கட்டையை எண்ணுக்குப் பயன்படுத்தாமல் கர்சரை ஓட்டப் பயன்படுத்துகிறவர். 7 என்ற கட்டை வரியின் தொடக்கம். 1 என்ற கட்டை வரியின் முடிவு. புள்ளிக் கட்டை அழித்தல். பழைய கணினியில் பழகிய கை."

"பழகிய கை என்றால் குற்றமா?" பாலகுருவின் குரல் உயர்ந்தது. "பழைய ஆள் எல்லாம் திருடனா?"

"இல்லை. ஆனால் திருடியது பழைய கை. ஜெயசீலி, ஒரு வரியை நீ எப்படி செலக்ட் செய்வாய்?"

"மவுஸால இழுப்பேன் மேடம். வேணுங்கிற சொல்லுல தொடங்கி, வேணுங்கிற சொல்லுல நிறுத்துவேன்."

"கேட்டீர்களா? மவுஸால் இழுக்கிறவன் நிபந்தனையை மட்டும் இழுத்திருப்பான். 'பின்னரே' என்பதோடு நின்றிருப்பான். இங்கே 'எங்கள் கூடை' என்பதும் சேர்ந்து போயிருக்கிறது. கூடையால் யாருக்கு என்ன ஆதாயம்? ஒருவருக்கும் இல்லை. அது போனதற்கு ஒரே காரணம், அது அந்த வரியில் இருந்தது. அழிக்கப்பட்டது வாக்கியம் அல்ல. ஒரு முழு வரி. 7ஐத் தட்டு, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு 1ஐத் தட்டு: வரி முழுதும் கறுப்பாகும். புள்ளியைத் தட்டு: போயிற்று. மூன்று தட்டு, இரண்டு நொடி. ஆனால் எண் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஷிப்ட்டோடு தட்டினாலும் கர்சர் ஓடுமே தவிர வரி செலக்ட் ஆகாது. ஆகவே விளக்கை அணைத்தாக வேண்டும். அணைத்தவர் மறுபடி ஏற்றி வைக்க மறந்தார்."

"காலையில் இந்த மனிதர் செய்திருக்கலாம்!" ஸ்ரீநிவாசனைச் சுட்டினார் பாலகுரு. "விளக்கை அணைத்து, ஏற்றி..."

"செய்திருக்க முடியாது. அதற்குச் சான்று கொடுத்தவரே நீங்கள்தான்." புஷ்பலதா வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்தார். "அழிந்த பகுதி இந்த வெள்ளைத் தாளில்தான் ஒரு முழு வரி: ஓரம் முதல் ஓரம்வரை. ஏழு மணிக்கு ஜெயசீலி பக்கத்தை மாற்றியதும் வரிகள் வேறு மாதிரி மடங்கிவிட்டன. காலையில் எவன் உட்கார்ந்து 7ஐயும் 1ஐயும் தட்டியிருந்தாலும் வேறு பகுதி அழிந்திருக்கும்; இந்தப் பகுதி அழிந்திருக்காது. எனவே இது நடந்தது ஏழு மணிக்கு முன்னால். அந்த நேரத்தில் இந்த நாற்காலியில் தனியே உட்கார்ந்தவர் நீங்கள். காற்புள்ளி திருத்தினேன் என்கிறீர்கள். இரண்டு தாளையும் சொல் சொல்லாக ஒப்பிட்டோம். எந்தக் காற்புள்ளியும் திருத்தப்படவில்லை. எதைத் திருத்தினீர்கள், பாலகுரு?"

பாலகுரு திரையை விட்டு முகத்தைத் திருப்பினார். அவர் கை இன்னும் எண் கட்டையின் மேல் இருந்தது. எடுப்பதா வைப்பதா என்று அதற்கும் தெரியவில்லை.

"காலையில் ரேகை வைக்கும்போது படிச்சுக் காட்டச் சொன்னோம்," என்றாள் சுப்புலட்சுமி மெல்ல. "'நேத்தே படிச்சாச்சு, வைங்கம்மா, நேரமாகுது'ன்னீங்க."

"ஏன்யா?" என்றாள் அஞ்சம்மாள். அவள் குரலில் முதல்முறையாகக் கூச்சல் இல்லை. "நாங்க இன்னா பண்ணோம் உனக்கு?"

பதில் ஸ்ரீநிவாசனிடமிருந்து வந்தது. கைக்குட்டையை இறக்கி, வேண்டாவெறுப்பாகச் சொன்னார். "ஸ்கூட்டர் ஸ்டாண்டு. குத்தகைக்கு மனுப் போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர். போன மாசம் எங்க சங்கத்துக்கு வந்து சிபாரிசு லெட்டர் வாங்கிட்டுப் போனார்."

"தெரிந்தும் ஏன் இதுவரை வாயைத் திறக்கவில்லை?"

"யாரும் கேட்கலையே மேடம்."

புஷ்பலதா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டத்தில் அதற்கொரு பிரிவு இல்லையே என்ற கோபம் அந்தப் பார்வையில் இருந்தது. எதிரே நின்று கல்லெறிகிறவனாவது தன் முகத்தைக் காட்டுகிறான். கல் வருவதைக் கண்டும் எனக்கென்ன என்று நிற்கிறவன் சட்டையில் மடிப்புக்கூடக் கலைவதில்லை.

"பரணி, ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். பாலகுரு, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள். இதில் விசைப்பலகை வேண்டாம்."

மணி 2.45.

தாலுக்கா அலுவலகத் தாழ்வாரம். பாலகுருவின் ஒப்புதலைப் படித்த அதிகாரி, மூன்று மணிக்குள் திருத்திய வாக்குமூலம் வந்தால் ஏற்பதாகச் சொல்லியிருந்தார். சூடு ஆறாத பச்சைத் தாள்களை ஜெயசீலியே கொண்டுவந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. மை அட்டையைத் திறந்து அஞ்சம்மாளின் முன் வைத்தாள்.

"வை."

அஞ்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "படி மொதல்ல."

"நேத்து சாயங்காலமே சுப்புலட்சுமி அக்கா..."

"அவ நேத்து படிச்சா. நான் இன்னிக்குக் கை வெக்கிறேன். படி."

"இந்த வாயைக் காலையில திறந்திருந்தா என் கன்னம் தப்பிச்சிருக்கும்."

"அடிச்சது தப்புதான்மே. அதுக்காவ உன்ன நம்பிடுவேன்னு நெனைக்காத. அவனையும் நம்பித்தான் வச்சோம். இந்தப் போலீசம்மாவே எழுதி எடுத்தாந்தாலும் படிச்சாத்தான் வெப்பேன்."

ஜெயசீலி புஷ்பலதாவைப் பார்த்தாள். புஷ்பலதா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு பியூன் எட்டிப் பார்த்தான். "கூப்பிடுறாங்க! ரேகையை வச்சுட்டு சீக்கிரம் வாங்கம்மா!"

நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியும் அசையவில்லை. ஒருத்தியும் மையைத் தொடவில்லை.

ஜெயசீலி தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். கோபத்தோடு, உரத்த குரலில், முதல் சொல்லிலிருந்து படிக்கத் தொடங்கினாள். பியூன் கதவைப் பிடித்தபடி காத்து நின்றான்.